பச்சையா, மஞ்சளா? கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி பாருங்க தோழர்களே!



அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க நம்ம ஊர் பெரிய ஜவுளிக்கடை எதுக்காவது போனா ஒரு நிமிஷம் நில்லுங்க. பில் கவுன்ட்டருக்குப் பின்னாடியோ செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்துலயோ சுவரில் ஒரு பெட்டி இருக்கும். சின்னச் சின்ன விளக்குகள், நாலைந்து பட்டன்கள். அதுதான் ஃபயர் அலாரம் பேனல். அதில் என்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

பச்சை மட்டும் எரிந்தால், பெட்டி வேலை செய்கிறது. மஞ்சள் எரிந்தால், எங்கோ கோளாறு, அல்லது ஏதோ ஒரு மாடியை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் அந்தப் பெட்டி செத்துப் போய்விட்டது. சிவப்பு எரிந்தால் புடவையை அங்கேயே போட்டுட்டு வெளியே வாங்க.

"இதெல்லாம் ஒரு அரசியலா?" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், இதுதான் அரசியல். தீ பிடித்தால் மேல் மாடியில் மாட்டிக்கொள்வது முதலாளி அல்ல. காலையிலிருந்து ராத்திரி வரை புடவை பிரித்துக் காட்டும் நம்ம வீட்டுப் பொண்ணுங்க. குடோனில் மூட்டை அடுக்கும் பையன்கள். கைக்குழந்தையோடு வந்த வாடிக்கையாளர்கள்.

பெட்டி செய்யும் வேலை ரொம்ப எளிது. கூரையில் இருக்கும் புகை உணரி, சுவரில் இருக்கும் கண்ணாடி உடைக்கும் சிவப்புப் பெட்டி, சைரன், எல்லாம் ஒயர் வழியாக அதற்குத்தான் வந்து சேரும். எந்த மாடியில் புகை என்று அது காட்டும். ஒயர் எங்காவது அறுந்தாலும், பேட்டரி இறங்கினாலும் அதுவே "கீ... கீ..." என்று கத்திச் சொல்லும். தன் குறையைத் தானே ஒப்புக்கொள்கிற நேர்மையான கருவி அது!

அந்த நேர்மைக்கு நாம் தரும் பரிசு என்ன? சத்தத்தை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிடுகிறோம். சத்தம் நின்றது, கோளாறு நிற்கவில்லை. மஞ்சள் விளக்கு வாரக்கணக்கில் எரியும். அதன்மேல் காலண்டர் மாட்டுவார்கள்.

நெசவாளர் ஊர் இது. நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் என்ன செய்வோம்? தறியை நிறுத்துவோம், இழையை முடிவோம், அப்புறம்தான் ஓட்டுவோம். பேனலில் ஒரு ஒயர் அறுந்தால் மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கடையை ஓட்டுவோமா?

இன்னொரு பழக்கம். வெள்ளிக்கிழமை கடையில் சாம்பிராணி போடுவார்கள். கல்யாண மண்டபத்தில் ஹோமம் வளர்ப்பார்கள். புகை உணரிக்கு சாம்பிராணிப் புகையும் ஒன்றுதான், தீப்புகையும் ஒன்றுதான். சைரன் அடிக்கும். கூட்டம் மிரளும். உடனே அந்த மாடியையே பேனலில் அணைத்து வைப்பார்கள். பூஜை முடியும். அணைத்ததை மறுபடி போட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாம்பிராணி போடாதீங்கன்னு நாம சொல்லல. அணைக்க வேண்டி வந்தால், யார் அணைத்தார், எத்தனை மணிக்கு, எப்போது திரும்பப் போட்டார் என்று நோட்டில் எழுதுங்கள். அதுவரை ஒரு ஆள் அங்கே நின்று பார்க்கட்டும். சமையலறை போல எப்போதும் புகை வரும் இடத்தில் புகை உணரிக்குப் பதில் வெப்ப உணரி வையுங்கள். வழி இருக்கு, மனசு இருந்தா.

தீ இதுவரை நமக்கு எத்தனை பாடம் எடுத்துவிட்டது!

2004 ஜூலை 16, கும்பகோணம். 94 பிஞ்சுகள். அன்று நாடே அழுதது. பள்ளிக் கூரைகளில் ஓலை இறங்கியது.

2008 செப்டம்பர், சென்னை ரங்கநாதன் தெரு. பெரிய கடை ஒன்றில் தீ. உயிரை விட்டது இரண்டு ஊழியர்கள்.

2011 டிசம்பர் 9, கொல்கத்தா அம்ரி மருத்துவமனை. அடித்தளத்தில் பிடித்த தீ, ஏசி குழாய் வழியாகப் புகையாக மேலே ஏறியது. ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள், மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே அலாரத்தை அணைத்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

2017 மே 31, தி.நகர் சென்னை சில்க்ஸ். அதிகாலையில் பிடித்த தீ நாள் முழுக்க எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. மீதியை இடிக்க வேண்டி வந்தது. அது ஆடித் தள்ளுபடி நேரத்து சாயங்காலமாக இருந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுது.

2024 டிசம்பர் 12, திண்டுக்கல் தனியார் மருத்துவமனை. 6 பேர் பலி. லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் அதில் உண்டு. அலாரம் பேனலோடு இணைத்துவிட்டால் தீ என்றதும் லிஃப்ட் தானாகக் கீழே இறங்கி நிற்கும். அந்த இணைப்பு வேலை செய்கிறதா என்று நம் ஊரில் எத்தனை கட்டடத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள்?

இத்தனை ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின. ஆட்சியில் யார் இருந்தாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. சான்று வாங்கும் நாளில் பேனல் பளபளக்கும். மறுநாளிலிருந்து அநாதை. காகிதத்தைப் பார்க்கும் அரசு, விளக்கைப் பார்ப்பதில்லை!

விதி இல்லையா? இருக்கு. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016-இல் தீப் பாதுகாப்புக்குத் தனிப் பகுதியே உண்டு. அலாரத்தைப் பொருத்தவும் பராமரிக்கவும் ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரநிலை உண்டு. தினமும் விளக்கைப் பார்க்கணும். வாரம் ஒரு சிவப்புப் பெட்டியை இயக்கி சைரன் கேட்குதான்னு பார்க்கணும். டெக்னீஷியன் வந்து உணரிகளில் தூசி துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்கணும். மெயின் கரண்டை நிறுத்தி, பேட்டரியில் பேனல் தாங்குதான்னு பார்க்கணும். நம்ம ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் சாகும். கரண்ட் போன ராத்திரியில் தீ பிடித்தால் அந்த பேட்டரிதான் ஒரே நம்பிக்கை.

"செலவாகும்" என்பார்கள். பேனலுக்கு ஒரு ஜோடி பேட்டரி, நம்ம ஊரில் நெய்கிற ஒரு நல்ல முகூர்த்தப் புடவையின் விலைகூட வராது.

"பட்டு எரியாதே" என்பார்கள். உண்மைதான். பட்டு லேசில் சுடர்விடாது, முடி கருகுற வாசனையோட கருகும். நமக்கா தெரியாது? ஆனால் கடைக்குள் பட்டு மட்டுமா இருக்கு? பாலியஸ்டர், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் இருக்கு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை.

"செக்யூரிட்டிதான் பட்டனை அமுக்கினான்" என்பார்கள். அங்கேதான் நம் கோபம். 12 மணி நேரம் நிற்கும் அந்தப் பெரியவருக்கு எந்த பட்டன் எதற்கு என்று யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா? சிவப்பு எரிந்தால் முதலில் எந்த மாடி என்று படி, எல்லாரையும் வெளியேற்று, 101 அல்லது 112-க்குப் போன் போடு, காரணம் தெரியும்வரை ரீசெட் பண்ணாதே. இந்த நாலு வரியைத் தமிழில் எழுதி பேனல் பக்கத்தில் ஒட்டினீர்களா? பழியை மட்டும் அவர் தலையில் போடாதீர்கள்!

2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரணும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உட்காரும் உரிமையே தொழிலாளர்கள் போராடித்தான் வந்தது. உயிரோடு வெளியே வரும் உரிமையையும் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

நம் கோரிக்கைகள் நான்கு:

1. பேனலின் பராமரிப்பு நோட்டு, வாடிக்கையாளரும் ஊழியரும் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும்.

2. மாதம் ஒருமுறை ஊழியர்கள் முன்னிலையில் சைரன் சோதனை. நோட்டில் ஊழியர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும்.

3. ஆய்வு சான்று புதுப்பிக்கும் நாளில் மட்டுமல்ல, சொல்லாமல் வரும் நாளிலும் நடக்க வேண்டும். அதற்குத் தேவையான ஆட்களைத் தீயணைப்புத் துறைக்கு அரசு கொடுக்க வேண்டும்.

4. கோளாறைச் சொல்லும் ஊழியரின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

கடைசியாக நமக்கு நாமே. நாமும் மண்டபம் பிடிக்கிறோம், கூட்டம் நடத்துகிறோம். மைக் செட்டையும் பந்தியையும் விசாரிக்கிறோம். பேனலில் என்ன விளக்கு எரியுது என்று என்றைக்காவது கேட்டிருக்கோமா? இனிமேல் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். மஞ்சள் எரிந்தால் சரி செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு மண்டபம். ஊருக்கு உபதேசம் நம்ம வாசலில் இருந்து தொடங்கட்டும்.

கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். கடை பெயரைப் போட்டு அவமானப்படுத்தவும் வேண்டாம். "அண்ணே, மஞ்சள் எரியுது, பாருங்க" என்று சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். அப்போதும் மஞ்சள் என்றால் தீயணைப்புத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நீங்கள் போன இடத்தில் என்ன நிறம்? கமெண்ட்டில் ஒரே சொல்லில் எழுதுங்கள். பகிருங்கள் தோழர்களே!

#பச்சையா_மஞ்சளா
#ஆரணி
#உயிரோடு_வெளியேறும்_உரிமை