காலக்கெடு நகர்கிறது, சாம்பல் நகரவில்லை

இந்திய அனல் மின்நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பலாகவே எஞ்சுகிறது. சிமெண்ட், செங்கல், சாலை என அதற்குப் பயன்பாடுகள் உண்டு. ஆயினும் கால் நூற்றாண்டாக அது குளங்களில் தேங்கிக் கிடக்கிறது.

தில்லி உயர்நீதிமன்றம் 1999 ஆகஸ்டில் கெடு விதித்த பின்னரே ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் செப்டம்பர் 14 அன்று முதல் அறிவிக்கையை வெளியிட்டது. பழைய மின்நிலையங்கள் 15 ஆண்டுகளில் சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்றது. 2014 கடந்தது. 2016 இல் காலக்கெடு 2017 டிசம்பர் 31 ஆனது. அதுவும் கடந்தது. 2021 டிசம்பர் 31 அன்று வெளியான அறிவிக்கை மூன்றாண்டுச் சுழற்சியைக் கொண்டுவந்தது. அதிலும் முதல் சுழற்சியில் 60 முதல் 80 விழுக்காடு வரை பயன்படுத்திய நிலையத்திற்கு ஓராண்டும், 60 விழுக்காட்டிற்கும் கீழே நின்ற நிலையத்திற்கு இரண்டாண்டும் கூடுதல் அவகாசம். கடமையை அதிகமாகத் தவறவிட்டவருக்கே அதிகச் சலுகை!

தலைநகரின் பதர்பூர் மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. தில்லிக்கு மின்சாரம் இப்போது தொலைதூர நிலையங்களிலிருந்து வருகிறது. அவற்றுள் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் சிங்க்ரௌலி மாவட்டத்தில் உள்ள, ரிலையன்ஸ் பவர் நிறுவனத்தின் சாசன் மின்நிலையம். 2020 ஏப்ரல் 10 அன்று அதன் சாம்பல் குளக் கரை உடைந்து, குழந்தைகள் உட்பட ஆறு பேர் மாண்டனர். விளைநிலங்கள் சேற்றில் புதைந்தன. மின்சாரம் தில்லிக்கு, சாம்பல் சிங்க்ரௌலிக்கு!

அடுத்த நாற்பத்தோரு நாட்களில் அமைச்சகம் செய்தது என்ன? 500 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்லப்படும் நிலக்கரியில் சாம்பல் 34 விழுக்காட்டிற்கு மிகக் கூடாது என்ற விதியை மே 21 அன்று நீக்கியது. நிலக்கரியைக் கழுவும் ஆலைகளும் மாசுபடுத்துகின்றன என்பது வாதம். அப்படியானால் அந்த ஆலைகளை ஒழுங்குபடுத்த வேண்டும். சாம்பலின் அளவைப் பெருக்குவது எப்படித் தீர்வாகும்?

தாழ்நிலங்களை நிரப்புவதும் அறிவிக்கையின் கணக்கில் “பயன்பாடு”தான். கண்காணிப்பு தளர்ந்தால் கொட்டுவதே மறுசுழற்சி என்று பெயர் மாறிவிடும். எண்ணூரில் வடசென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றையும் மீனவர் வாழ்வையும் எவ்வாறு சிதைத்தது என்பதைத் தமிழ்நாட்டு மக்கள் அறிவர். அரசு நிலையமாயினும் தனியார் நிலையமாயினும் பாதிப்பைச் சுமப்பது உழைக்கும் மக்களே.

மறுசுழற்சியை யாரும் எதிர்க்கவில்லை. அதன் பெயரால் தரப்படும் விலக்குகளே எதிர்க்கப்பட வேண்டியவை. இனிக் கெடு நீட்டிப்பு கூடாது. பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி ஏட்டளவில் நிற்காமல் வசூலாக வேண்டும். அத்தொகை பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குச் சேர வேண்டும். சாம்பல் தூசியைச் சுவாசிக்கும் செங்கல் சூளை, கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பாதுகாப்பு சட்டமாக வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாய, மீனவர் அமைப்புகளும் ஒன்றுபட்டுப் போராடினால் மட்டுமே இவை நடக்கும். தில்லி தானாக அசையாது என்பதற்குக் கால் நூற்றாண்டு அறிவிக்கைகளே சாட்சி.