ஆடியும் கண்மலரும்

ஆடி பிறந்துவிட்டால் நம் மதுரைச் சீமையில் மாரியம்மன் கோவில்களுக்கு வெள்ளிக் கண்மலர் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் குறைவே இல்லை. கண் மங்கினால் கண்மலர் சாத்துவதாக வேண்டுதல். மேலும் மங்கினால் கர்மபலன். கண்மலர் உண்டியலில் விழுந்ததைப் பார்த்தோம். பார்வை வந்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்கிறோம்.

வேறு வியாதியில் இப்படிக் காலங் கடத்தினால் ஒருசமயம் தப்பலாம். கண் அழுத்த நோயில் நடப்பது வேறு சங்கதி. கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கெடுக்கிறது. பெரும்பாலும் வலி கிடையாது. ஓரப் பார்வை முதலில் போவதால் நோயாளிக்கே தெரிவதில்லை. போன பார்வையை எந்த டாக்டராலும் எந்த அம்மனாலும் திருப்பித்தர முடியாது. இருப்பதைக் காக்கத்தான் முடியும்.

தோழர்களே! இதே மதுரையில் வேறொரு 'ஆடி' உண்டு. 1992-ல் துவக்கப்பட்ட ஆரோலாப் தொழிற்சாலை 2013-ல் வெளியிட்ட கருவி அது. அதன் இங்கிலீஷ்ப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் ஆடி என்றே வரும். சிலிக்கோனில் செய்த வளைந்த தகடு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான். தகட்டை வெள்ளை விழியின்மேல், மெல்லிய தோலுக்கடியில் வைத்துத் தைத்து, குழாயின் நுனியைக் கண்ணுக்குள் விடுகிறார்கள். கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாய் மிச்சத்தண்ணீர் போகிறதல்லவா, அதுபோல. ஆனால் உடனே திறந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். ஆகவே குழாயைக் கரையும் நூலால் கட்டிவைக்கிறார்கள். ஐந்தாறு வாரத்தில் தகட்டைச் சுற்றிச் சதை கூடுகட்டிய பிறகு நூல் விட்டு நீர் வடிகிறது.

இது எல்லோருக்கும் வேண்டியதில்லை; சொட்டு மருந்துக்கும் மற்ற ஆபரேஷனுக்கும் அடங்காதவர்களுக்கே பெரும்பாலும் வைக்கிறார்கள். வைத்த பிறகும் டாக்டரிடம் போய்வந்தாக வேண்டும். விலைதான் முக்கியம். வெளிநாட்டுக் கருவிகள் நூற்றுக்கணக்கான டாலர் விற்றபோது இது சுமார் 50 டாலருக்கு வந்தது. ஏழைக்கு விதிதான் வைத்தியம் என்று இனி எந்த முகத்தோடு சொல்வார்கள்?

ஆரோலாபின் தாய்வீடான அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976-ல் 11 படுக்கையோடு துவக்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி அரவிந்தரின் பக்தராயிற்றே, பெயரும் அவர் பெயராயிற்றே என்று வைதீகர்கள் நம்மை மடக்கப் பார்க்கலாம். பக்தராக இருந்துவிட்டுப் போகட்டும்! முடக்குவாதத்தால் விரல் கோணிப்போன அந்த மனிதர் கத்தியெடுத்துத்தான் கண் வைத்தியம் செய்தாரே ஒழிய விபூதி கொடுத்தல்ல.

தாய்க்கோ தகப்பனுக்கோ இந்நோய் இருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போய் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டியது போதாது.