அலுமாரியில் கிடக்கும் லெப்டொப்

கண்டியிலும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலும் எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய லெப்டொப் இருக்கிறது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மாமா வந்தபோது கொண்டு வந்ததாக இருக்கும். அல்லது நானா புதியது வாங்கியதும் ஒதுக்கி வைத்ததாக இருக்கும். பெரும்பாலும் அது ஒரு துவாயில் சுற்றப்பட்டு, உம்மாவின் அலுமாரியில் பெருநாள் சாரிகளுக்குக் கீழே கிடக்கும். ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால் பற்றரி போய்விட்டது என்பார்கள், சரியான ஸ்லோ என்பார்கள், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பார்கள். அதே வீட்டுப் பிள்ளை இரண்டு பக்க ஒப்படையை டைப் செய்து எடுப்பதற்காக டவுனுக்கு பஸ் ஏறுவாள்.

அந்த லெப்டொப்பை வெளியே எடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கலைப்பிரிவு மாணவி. கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கும் அளவுக்கு எனக்குத் தெரியாது. அன்றாட வேலைக்கு அது தேவையும் இல்லை.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 5 முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் கணினியைத் தானாகப் பயன்படுத்தக்கூடியவராக இருந்தால் அவர் கணினி அறிவு உள்ளவராம். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் ஒரு கேம் விளையாடத் தெரிந்திருந்தாலும் அதுவும் சேரும் என்று அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு அந்த வரியில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது: 'தானாக'. கேம் விளையாடுவது கணினி அறிவா என்று வாதாடலாம். ஆனால் தானாகச் செய்வதுதான் அளவுகோல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் 'ஏ' எடுத்த பிள்ளைகூட ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டுமென்றால் நேரே கொமினிகேஷனுக்குத்தான் போகிறாள். பாடம் தெரிகிறது, வேலை வரவில்லை.

எங்கள் அயலில் ஒரு ராத்தா இருக்கிறார். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் நானாவின் பழைய லெப்டொப் இருந்தும், "நாங்கள் கைவைத்து ஏதும் பிழைத்துவிட்டால்?" என்று பயந்து டவுனில் ஒரு கடைக்குப் போனார்கள். கடையில் வேலை செய்த தம்பி அங்கேயே அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தான். கணக்கை மீட்பதற்கான இலக்கமாகத் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைப் போட்டான். கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். மாதங்கள் போயின. தெரிவு பற்றிய செய்தி வரும் காலத்தில் அந்தத் துண்டைக் காணவில்லை. புதிய கடவுச்சொல் கேட்டால், உறுதிப்படுத்தும் இலக்கம் அந்தத் தம்பியின் போனுக்குப் போகிறது. அவனோ வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். மூன்று நாட்கள் அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவனுடைய சாச்சாவைப் பிடித்து, அவர் மூலம் அவனை வட்ஸ்அப்பில் பிடித்து, ஒருவாறு கணக்கைத் திறந்தார்கள். அவன் கெட்டவன் அல்ல. வரிசையில் நின்ற இருபது பேரின் வேலையை அவசரமாக முடித்துக் கொடுத்தவன். ஆனால் ஒரு பெண் பிள்ளையின் பல்கலைக்கழக வாசலின் திறப்பு இன்னொருவரின் சட்டைப் பைக்குள் இருந்தது.

இதைப் பெற்றோர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மகள் இணையத்தைப் பாவித்தால் என்ன ஆகுமோ என்று லெப்டொப்பைப் பூட்டி வைக்கிறோம். அதே மகளின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு கடையின் கணினியில் விட்டுவிட்டு வருகிறோம். அவற்றை யார் அழிக்கிறார்கள்? அநேகமாக யாரும் அழிப்பதில்லை.

ஆகவே அந்தப் பழைய லெப்டொப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை, சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி. மீட்பு இலக்கம் உம்மாவுடையதாகவோ வாப்பாவுடையதாகவோ இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டில் காணி உறுதி வைக்கும் பைலுக்குள் எழுதி வைத்தாலும் குறையில்லை. ஒரு வேலைக்காக வேறு இடத்துக் கணினியில் கணக்கைத் திறந்தால், வெளியேறாமல் எழுந்து வரக்கூடாது.

அடுத்தது, கோப்பு எங்கே போகிறது என்று அறிவது. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் போனிலேயே வளர்ந்த எங்களுக்கு இதுதான் கஷ்டம். போனில் எடுத்த படம் 'கேலரி'யில் இருக்கும், அனுப்பியது வட்ஸ்அப்பில் இருக்கும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. லெப்டொப்போ ஒவ்வொரு முறையும், இதற்கு என்ன பெயர், எங்கே வைக்க என்று கேட்கும். 'டொக்கியுமென்ட் 1', 'டொக்கியுமென்ட் 2' என்று நாற்பது கோப்புகளைச் சேர்த்து வைத்தால் பரீட்சைக்கு முந்திய இரவில் எதையும் தேட முடியாது. பாடத்துக்கு ஒரு கோப்புறை, கோப்பின் பெயரில் தலைப்பும் திகதியும். இந்தப் பழக்கத்துக்கு புதிய கணினி வேண்டாம். பத்து வருடப் பழசும் புதியதும் இந்த வேலையில் ஒன்றேதான்.

பற்றரி பற்றிச் சொல்ல வேண்டும். பழைய லெப்டொப்பின் பற்றரி செத்திருந்தாலும் அநேகமாகச் சார்ஜரில் அது வேலை செய்யும். மின்சாரம் போனால் அந்தக் கணமே அணைந்துவிடும், அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அமைச்சரே சொன்னார். கூரையில் குரங்கு ஓடும் சத்தத்தில் எழும்பும் கண்டிக்காரருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் கொன்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி எஸ் எழுத்தைத் தட்ட வேண்டும். எழுதியது பதிவாகிவிடும். முக்கியமானதை பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, தனக்குத்தானே மின்னஞ்சலும் செய்துவிட்டால் லெப்டொப் நாளைக்கே செத்தாலும் கவலையில்லை. பென் டிரைவை இழுத்துப் பிடுங்காமல், முதலில் திரையில் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. லெப்டொப்பின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மூடி சரியாகப் படியாவிட்டாலோ பற்றரி வீங்கியிருக்கலாம். அதைச் சார்ஜில் போடவே கூடாது, திருத்துபவரிடம் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். மற்றும்படி கட்டில் மெத்தையில் வைத்துப் பாவிக்காமல் மேசையில் வைத்தாலே போதும். காற்றுப் போகும் துவாரங்கள் அநேகமாக அடியில்தான் இருக்கின்றன.

இனி எனக்கு மிகப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: தமிழில் எழுதுவது. நான் இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இருக்கிறேன். ஆக்கங்கள் கையெழுத்தில் வருகின்றன, கடையில் டைப் செய்யக் கொடுக்கிறோம், பிழைகளோடு திரும்பி வருகின்றன. ஒரு மாணவியின் கவிதையில் 'மழலை' 'மலலை' ஆகி வந்தது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை வெளியிட்ட சித்திலெப்பையின் ஊரில், ஒரு பக்கத் தமிழுக்கு இப்படி அல்லாட வேண்டியிருக்கிறது.

கடைகளில் இன்னும் அதிகம் ஓடுவது பாமினி எழுத்துரு. அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்பு அணிவிக்கும் வேலை. நாம் தட்டுவதும் கணினி சேமிப்பதும் ஆங்கில எழுத்துத்தான், கண்ணுக்குத் தெரிவது மட்டும் தமிழ். பாமினி இல்லாத ஒரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் உடுப்பு கழன்றுவிடும். 'உம்மா' என்று எழுதியது சி, கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். மின்னஞ்சலின் உடலில் ஒட்டினாலும் அதே கதை. இணையத்தில் தேடினாலும் அகப்படாது.

யுனிகோட் அப்படி அல்ல. அதில் 'உ' என்பது எந்தக் கணினிக்குப் போனாலும், எந்தப் போனுக்குப் போனாலும் 'உ'தான். நாம் வட்ஸ்அப்பில் தமிழ் எழுதுவது யுனிகோடில்தான். இலங்கையிலும் அதை அடிப்படையாகக் கொண்ட தமிழுக்கான தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வந்துவிட்டது. விண்டோஸ் 7 உள்ள பழைய லெப்டொப்பிலும் லதா என்ற யுனிகோட் எழுத்துருவும் ஒரு தமிழ் விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. அந்த விசைப்பலகை கைக்கு வராவிட்டால் என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஆங்கில உச்சரிப்பில் தட்டியும் எழுதலாம். பாமினி முறையிலேயே தட்டி யுனிகோட் எழுத்தையும் பெறலாம். அதனால் பாமினியில் விரல் பழகியவர்களும் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் ஒரு பந்திக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். எரிச்சல் வரும். மூன்றாவது வாரம் கையால் எழுதும் வேகத்துக்குக் கிட்டே வந்துவிடும்.

பழைய லெப்டொப் ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் 7இற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14உடன் நிறுத்தியது. 2023இல் கூகுள் குரோமும் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அப்படியான கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியல்ல, கண்ட கண்ட இணைப்புகளை அழுத்துவதும் அல்ல. மின்னஞ்சலையும் விண்ணப்பத்தையும்கூட இயங்குதளத்தை மாற்றிய பிறகு அதில் செய்வதே நல்லது. ஆனால் எழுதுவதற்கும் கணக்கு அட்டவணை போடுவதற்கும் கடந்தகால வினாத்தாள்களை வாசிப்பதற்கும் இணையமே தேவையில்லை.

அந்த மாற்றத்துக்கு லினக்ஸ் இருக்கிறது. காசு இல்லை. லினக்ஸ் மின்டின் இலேசான வடிவம் ஒன்று 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லெப்டொப்பில் தாராளமாக ஓடும். வேர்ட்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் அதிலேயே வரும், தமிழும் வரும், பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து கிடைக்கும். நம் நாட்டவர்களே பெடோரா லினக்ஸை வைத்து ஒன்றை உருவாக்கி, அதற்கு 'ஹந்தானை' என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டு ஜன்னலால் தெரியும் மலையின் பெயர்! மாற்றுவதற்கு முன் பழைய படங்களைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்வது நல்லது. ஒரு பின்னேர வேலை.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சுக்கு நான் நீண்ட பதில் வைத்திருக்கவில்லை. போன் கைக்குள் அடங்கும், போர்வைக்குள்ளும் அடங்கும். லெப்டொப் சாப்பாட்டு மேசையில், வயர் மாட்டியபடி, எல்லோர் கண் முன்னாலும் இருக்கும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று பெற்றோரே கணக்குப் பார்க்கட்டும். உம்மாமாரும் பக்கத்தில் உட்காரலாம். எங்கள் வீட்டில் உம்மாதான் மின்சாரக் கட்டணத்தை மாதா மாதம் ஒரு அட்டவணையில் போடுகிறார். எந்த மாதம் ஏன் கூடியது என்று வாப்பாவிடம் கேள்வி கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்.

கொமினிகேஷன்காரர்களின் வயிற்றில் அடிக்க நான் வரவில்லை. பிரிண்ட் எடுக்கவும் போட்டோகொப்பி எடுக்கவும் அங்கேதான் போவோம். வீட்டில் பிரிண்டர் வைத்திருப்போர் எத்தனை பேர்? செய்து முடித்த கோப்பைப் பீடிஎப் ஆக்கி பென் டிரைவில் கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை. கடவுச்சொல்லைக் கொண்டு போக வேண்டியதில்லை.

அடுத்த இதழுக்கான ஆக்கங்களை யுனிகோடில் டைப் செய்தும் அனுப்பலாம் என்று ஆசிரியர் குழுவில் கேட்டிருக்கிறேன். ஆசிரியை சம்மதித்துவிட்டார். கையெழுத்துப் பிரதிகளும் வழமைபோல் ஏற்கப்படும். டைப் செய்யப் பழக விரும்புகிறவர்கள் புதன்கிழமை இடைவேளையில் வாசிகசாலைக்கு வாருங்கள். அங்கே இருப்பதும் பழைய லெப்டொப்தான், 'எஸ்' பொத்தானைக் கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும்.