பி-ஐ-என் எப்படி ‘பின்’ ஆகும்?

‘ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் யூகேஜி பிள்ளை, மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டினால் விழிக்கிறது. ‘லெட்டர் எல்லாம் தெரியுது, சேர்த்துப் படிக்கத்தான் வரல’ என்பது பல வீடுகளில் கேட்கிற புலம்பல். பிள்ளை மேல் தப்பில்லை. பி, ஐ, என் என்ற பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பிஐஎன்’தான் வரும், ‘பின்’ வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு.

அந்த ஒலியிலிருந்து தொடங்குவதுதான் ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகளோ ஏறக்குறைய 44. அதனால் ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போகாமல், எஸ், ஏ, டி, பி, ஐ, என் போன்ற சில எழுத்துகளின் ஒலிகளை முதலில் பழக்குகிறார்கள். இந்த ஆறை வைத்தே குட்டிக் குட்டிச் சொற்கள் பல படித்துவிடலாம். 2006-ல் வந்த ஜிம் ரோஸ் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் இதுவே முதன்மை முறை.

நம் ஆசிரியர்களுக்கு இது புதிதே அல்ல. ப் + இ = பி என்று உயிர்மெய் சொல்லித் தருவதும் ஒலி கூட்டுவதுதான். புள்ளி வைத்த மெய்யெழுத்து கையில் இருக்கும்போது ப்-இ-ன் என்று காட்டுவது எளிது. ஆனால் புக்கு, பஸ்ஸு என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும் பேச்சுப் பழக்கம் வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகிறது. ‘பு-இ-னு’ என்று மிஸ் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எதைச் சேர்க்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றே. எனவே ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கும் வழக்கம் பாதி உதவி, பாதி உபத்திரவம். தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும்.

பெரிதாகப் பேசப்படாத விஷயம், பொருள். இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சோதனை நடக்கிறது. அதில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாதவை. மனப்பாடமாக இல்லாமல் ஒலி கூட்டிப் படிக்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. மீதி 20 சொற்களில் பெரும்பாலானவை வீட்டுப் பேச்சில் கேட்டவையாக இருக்கும். படித்ததும் ‘ஓ, இதுவா!’ என்று பொறி தட்டும். வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கு? ‘சிப்’, ‘நிப்’, ‘டிப்’ எல்லாமே அர்த்தமில்லாத சொற்கள்தான். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கி வருவது என்று 1986-லேயே கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

ஆண்டு விழா மேடையில் மடமடவென்று படிக்கும் பிள்ளையைப் பார்த்து மயங்குவதும், ‘மூன்றே மாதத்தில் சரளமான வாசிப்பு’ என்ற விளம்பரத்தை நம்பிக் கட்டணம் கட்டுவதும் இங்கேதான் சறுக்குகின்றன. ஃபோனிக்ஸ் வேண்டாம் என்பதல்ல. எழுத்தை ஒலியாக்க அதைவிடத் தெளிவான வழி இல்லை. ‘செட்’, ‘வாஸ்’, ‘ஒன்’ போல விதிக்கு அடங்காத சொற்களைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே பழக்கிவிடலாம். ஆனால் ஒரு சொல் புத்தகத்தில் வருமுன் காதில் விழ வேண்டும். பின், டின், கப், மேட் எல்லாம் வகுப்பிலேயே கிடைக்கும் பொருட்கள். கையில் கொடுத்து, ‘டின்னுக்குள்ள பின்னைப் போடு’ என்று ஒரு வாரம் விளையாடிவிட்டு, பிறகு அட்டையைக் காட்டலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் எத்தனை ஒலிகள் முடிப்பீர்கள் என்று கேட்பதோடு, ‘படிச்ச சொல்லுக்கு அர்த்தம் எப்படிச் சொல்லித் தருவீங்க?’ என்றும் கேட்கலாம்.