வேன் கேஸ்ல கோயில் அடுப்பை மாட்டாதீங்க



தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக்கு நம்ம ஹுத்தான் மெலிந்தாங் தொண்டர்கள் அன்னதானம் போடப் போறோம். ஒரு பக்தர் தன்னோட சாப்பாட்டு வேனைக் கொடுத்து உதவுறார். அவர் குடும்பம் நல்லா இருக்கணும்.

வேன்ல கேஸ் லைன் ஏற்கெனவே இருக்கு. "அண்ணே, நம்ம பெரிய அடுப்பையும் அதிலேயே மாட்டிடலாம், தோம்பு தூக்குற வேலை மிச்சம்"னு தம்பிங்க கேட்டாங்க. நான் வேணாம்னு சொல்லிட்டேன். சில பேருக்கு வருத்தம். அதனாலதான் இந்தப் பதிவு.

நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். ஆனா பல வருஷமா பேக்டரியில சூப்பர்வைசர். பிரஷர்னா என்னன்னு தெரியும்.

வேன் லைன்ல இருக்கிறது வீட்டு அடுப்பு மாதிரி லோ பிரஷர் ரெகுலேட்டர். ஏறக்குறைய 30 மில்லிபார்தான் விடும். சோறு வடிக்கிற நம்ம பெரிய அடுப்பு ஹை பிரஷர். அதோட ரெகுலேட்டர் 2 பார் வரைக்கும் விடும். அறுபது மடங்குக்கு மேல வித்தியாசம்! வேன் லைன்ல மாட்டினா தீ சோம்பலா எரியும், அண்டா கொதிக்காது. அப்புறம் ஒருத்தர் "ரெகுலேட்டரை மாத்திடு"ன்னு சொல்லுவார். ஆபத்து அங்கேதான். வேன்ல இருக்கிற சின்ன அடுப்பு, வால்வு, டியூப் எதுவும் அந்த பிரஷருக்குச் செஞ்சது இல்ல. கேஸ் கசியும்.

சமையல் கேஸ் காத்தை விட கனம். மேலே போகாது, வேன் தரையிலேயே தேங்கி நிக்கும். ஒரு சின்னப் பொறி போதும்.

"அம்மா பார்த்துக்குவா"ன்னு சொல்றீங்க. நானும் நம்புறவன்தான். ஆனா 2023 ஆகஸ்ட் 26 மதுரையை நினைச்சுப் பாருங்க. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவங்களோட ரயில் பெட்டி ஸ்டேஷன் பக்கம் நின்னுச்சு. தடையை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ்ல விடியக்காலை டீ போட்டப்போ தீப்பிடிச்சு 9 பேர் இறந்துட்டாங்க. அவங்களும் சாமி கும்பிட வந்தவங்கதானே?

அதனால என் கோரிக்கை இதுதான். பெரிய அடுப்புக்குத் தனி தோம்பு, தனி ஹை பிரஷர் ரெகுலேட்டர், அதுக்கேத்த புது டியூப். அடுப்பு வேனுக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல. தோம்பு நிமிர்ந்தே நிக்கணும். படுக்க வெச்சா திரவமாவே வெளியே வரும். மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை வந்தா பத்த வைக்காதீங்க. வாடை வந்தா சுவிட்ச் தட்டாம, தோம்பை மூடிட்டு, ஜனங்களைத் தள்ளி நிறுத்தி 999-க்கு அடிங்க.

இன்னொரு தோம்பு, ரெகுலேட்டர், டியூப் வாங்குறதும் உபயம்தான். மாலை, பூ மாதிரி இதையும் யாராவது ஏத்துக்கிட்டா புண்ணியமா போகும். முன்வர்றவங்க கீழே சொல்லுங்க. தூக்குற வேலைக்கு நான் வர்றேன்.