ஈரலுக்கு மாத்திரை எதற்கு?

"ஈரலைச் சுத்தப்படுத்தும் மாத்திரை!" என்று விளம்பரம் செய்கிறார்கள். கணவன் குடிக்கிறான். மனைவி கடனை வாங்கி அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறாள். மாத்திரை இருக்கும் தைரியத்தில் அவன் இன்னும் கொஞ்சம் குடிக்கிறான்!

ஈரல் என்ன அழுக்குத் துணியா, வெளுத்துப் போட? ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்புதான் உடம்பில் சேரும் நஞ்சையே முறிக்கிறது.

"மஞ்சள்தானே, என்ன செய்யும்?" என்று கேட்கலாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு. அதன் சத்தை மட்டும் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு. 2019-ம் ஆண்டு இத்தாலியில் அத்தகைய மாத்திரை சாப்பிட்ட பலருக்கு ஈரல் வீக்கம் கண்டது. பச்சைத் தேயிலை மாத்திரையும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

வைட்டமின் "இ"யால் பலன் உண்டா? உண்டு, சிலருக்கு. 2010-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், கொழுப்பு படிந்து வீங்கிய ஈரலுக்கு அது ஓரளவு குணம் தந்தது. ஆனால் அவர்கள் நீரிழிவு இல்லாதவர்கள். டாக்டர்களின் கண்காணிப்பில் 96 வாரம் சாப்பிட்டவர்கள். கடைக்காரர் சொல்லி வாங்கியவர்கள் அல்ல!

குடியை விடுவதற்குக் காசு வேண்டாம். குழந்தை பிறந்ததும் போடும் "ஹெபடைடிஸ் பி" தடுப்பு ஊசியும் ஈரலைக் காக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.