பாசறைக்கு இப்பால்

போர்மேற் சென்ற தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கென ஒரு திணையையே ஒதுக்கிவைத்த மொழி நம்முடையது. முல்லைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. வகுப்பறையில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமிதம் உண்டாவது உண்மை. அதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவள் இருந்தாள், சரி; இருந்த நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாள்?

முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள். நப்பூதனார் பாசறையை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார்! பாகர் வடசொற்களைச் சொல்லி யானைக்குக் கவளம் ஊட்டுகின்றனர். யவனர் காவல் நிற்கின்றனர். நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் அறிவிப்போர் இருக்கின்றனர். மன்னனோ புண்பட்ட யானைகளையும் மறவரையும் எண்ணி உறக்கமின்றி இருக்கிறான். அங்கே எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இப்பால், எழுநிலை மாடத்தில் அரசிக்கு? நற்சொல் கேட்டுவந்த முதுபெண்டிர் தேற்றுவர், அவள் தேறமாட்டாள், கண்ணீர் சொரிவாள், மாடத்திலிருந்து விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டபடி கிடப்பாள். 188 அடி கொண்ட நெடுநல்வாடையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அரசி கிடக்கும் தந்தக் கட்டிலை நக்கீரர் அடுக்கடுக்காக வருணிக்கிறார். அதில் கிடப்பவளின் கைகளுக்கு ஒரு வேலையும் தரவில்லை. வள்ளுவர் மட்டும் ஒன்று தந்தார்: பிரிந்தவர் சென்ற நாள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவது. அதில் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஹோமரின் பெனலோப்பியோ நெய்தாள். பகலில் நெய்ததை இரவில் பிரித்துப் பிரித்து, மணக்க வந்து முற்றுகையிட்டவர்களை மூன்றாண்டுகள் ஏய்த்தாள். காத்திருப்பவளுக்குத் தறியும் உண்டு, தந்திரமும் உண்டு என்று அந்தக் கவிஞனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பாட்டுகளில் கைவேலை செய்யும் பெண்ணே இல்லையா என்றால், இருக்கிறாள். புறநானூற்றில் பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு எரிகிறது. நற்றிணையில் ஆளில்லாப் பெண்டிர் நூற்ற நுண்ணிய நூல் வருகிறது. ஆனால் எதற்காக வருகிறது? மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக. நூற்றவளின் இரவு உவமைக்குள் ஒடுங்கிப்போயிற்று. (சங்கப் பாட்டைக் குறைசொல்கிறோம் என்று சில நண்பர்கள் சினங்கொள்ளக்கூடும். குறை பாட்டின்மீது அன்று. ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் நம்மீதுதான்.)

நாம் பாடம் நடத்தும் வேலூர் வட்டாரத்தில் படைவீரர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். படைவீரரின் மனைவியர் சிலர் ஆண்டுதோறும் நம்மிடம் முதுகலைத் தமிழ் பயில வருகின்றனர். சிலர் அஞ்சல்வழியில் பயில்வோர். 'ஃபீல்டு', 'பீஸ்' என்னும் இரு சொற்களால் தம் மணவாழ்வை அளப்பவர்கள் இவர்கள். கணவர் எல்லைப்புறத்தில் இருந்தால் மாமியார் வீடு. அவருக்கு 'பீஸ்' கிடைத்து, அங்கே குவார்ட்டர்ஸும் கிடைத்தால், அம்பாலாவோ ஜபல்பூரோ சிகந்தராபாதோ. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் ஆணை வரும். கறுப்பு டிரங்குப் பெட்டிகளின்மேல் வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதப்படும். மறுபடியும் ரயில்.

இடைப்பட்ட நாள்களில் இவர்கள் செய்வனவற்றைக் கேட்டால் வியப்பாக இருக்கிறது. பஞ்சாபிலிருந்தோ கடுவாலிலிருந்தோ வந்த பக்கத்து வீட்டம்மாளிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றிருக்கிறார்கள். இந்தி இலக்கணத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. கம்பளி நூலின் கண்களை எண்ணும்போது ஏக், தோ என்று தொடங்கியதாம் அந்த மொழி. வட இந்தியக் குளிரில் இட்லி மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் புதைத்துவைத்துப் பொங்கவைக்கும் கலை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. ஊரிலிருந்து டப்பாவில் கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்று முதல் பனியிலேயே கருகிவிடும். அடுத்த விடுப்பில் இன்னொரு கன்று போகும். வாரப் பத்திரிகையின் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்யும் வழக்கம் நம் வீடுகளில் முன்பு இருந்ததே, அப்படி ஒருவர் தம் தாயார் சேர்த்த தொகுதிகளைப் பெட்டியின் அடியில் வைத்து மூன்று மாநிலங்களுக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். எடை மிகுந்துவிட்டது என்று கணவர் முணுமுணுத்தபோது, பித்தளைக் குடத்தைத்தான் விட்டுவந்தாராம்.

குவார்ட்டர்ஸின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். அங்கே கத்தரியும் கொத்தமல்லியும் போடும் பெண்ணுக்குத் தெரியும், காய் பறிக்கத் தாம் இல்லாமற் போகலாம் என்று. புதிதாகக் குடிபுகுந்த வீட்டில் முகம் தெரியாத ஒருத்தி நட்டுப்போன அவரைக்கொடி காய்த்துக் கிடப்பதும் உண்டு. 'அந்த அவரையைச் சமைத்த அன்றுதான் அந்த ஊரில் எனக்கு ஒருத்தி இருந்தாள் என்று தோன்றியது ஐயா' என்றார் ஒரு மாணவி. இதைக் கவிதை என்று அவர் நினைத்துச் சொல்லவில்லை. நாமும் அப்படிச் சொல்லி அதைக் கெடுக்கப்போவதில்லை.

இவற்றுக்கெல்லாம் நாம் இட்டிருக்கும் பெயர் 'பொழுதுபோக்கு'. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. அந்த மாலைதான் இவர்களுக்கும் இடர். பிள்ளைகள் பாடம் படித்து முடித்த பின்பு, அழைப்பு வருமா வராதா என்று தெரியாத நேரம். அந்த நேரத்தில் பின்னுவது பொழுதைப் போக்குவதற்கா, பொழுது தம்மைக் கொண்டுபோய்விடாமல் பிடித்துக்கொள்வதற்கா? சொல் போதவில்லை என்றே கருதுகிறோம்.

இன்னொரு கசப்பும் இதில் உண்டு. அந்தப் 'பொழுதுபோக்கு'களில் பாதி, இழந்த தொழிலின் மிச்சம். ஆசிரியர் பயிற்சி முடித்தவர் மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித்தருகிறார். கணினி படித்தவர் பூத்தையல் போடுகிறார். இரண்டாண்டுக்கொரு முறை ஊர் மாறுபவரை எந்தப் பள்ளி நிலையாக வைத்துக்கொள்ளும்? மாற்றலாகும் மைய அரசு ஊழியர்களின் பிள்ளைகளை எண்ணி 1963இல் கேந்திரிய வித்யாலயத் திட்டம் வந்தது; படிப்பு அறுபடாமல் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். தாயின் தொழில் அறுபடுவதற்கு அப்படியொரு முழு ஏற்பாடு இல்லை. 1966இல் தோன்றிய ராணுவ மனைவியர் நலச் சங்கம் தொழிற்பயிற்சி தருகிறது. பயன்பெற்றவர்கள் நன்றியோடு பேசுகிறார்கள். ஆனால் அதிகாரியின் மனைவியும் சிப்பாயின் மனைவியும் ஒரே அறையில் அமர்ந்திருந்தாலும், கணவரின் தோளில் உள்ள பட்டை அங்கேயும் வந்து அமர்ந்துவிடுகிறது என்பதை இவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். (மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியேயும் 1992 முதல் பெண்கள் படை அதிகாரிகளாகின்றனர், 2022 முதல் தேசிய பாதுகாப்பு அகாதெமியிலும் பயில்கின்றனர். காத்திருக்கும் கணவன்மாரும் உண்டு. முல்லைக்குப் புத்துரை எழுதுவோர் கவனிக்க.)

நம் புனைகதைக்கு இவையெல்லாம் கண்ணில் படவில்லை. விடுப்பில் வரும் பட்டாளத்துக்காரரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி கேன்டீன் புட்டியைப் பற்றியது. நம் கதைகளும் திரைப்படங்களும் பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டன. 2014இல் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை 2024இல் வந்த 'அமரன்' திரைப்படம் அவர் மனைவியின் நினைவுவழியே சொன்னது. மதிக்கத்தக்க முயற்சி. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். களத்தில் கணவன் வீழ்ந்த பின்புதான் மனைவியின் குரல் நம் காதில் விழுகிறது. பெரும்பாலான வீரர்கள் நல்லவேளையாக ஓய்வுபெற்று வீடு திரும்புகிறார்கள்; அவர்கள் மனைவியரின் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குக் கேட்பாரில்லை. துயரம் நிகழாதவள் கதைக்குரியவள் ஆகமாட்டாளா?

அவர்களே எழுதலாமே என்றால், அங்கும் தயக்கம் குறுக்கே நிற்கிறது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உள்ளிட்ட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்குமாறு படையினருக்கு ராணுவம் ஆணையிட்டது. ஆணை வீரர்க்குத்தான், அதன் நிழல் வீட்டார்மீதும் விழாதிருக்குமா? எந்த ஊர், எந்தப் பிரிவு, எப்போது மாற்றல் என்று சொல்லக்கூடாது என்பது இவர்களுக்குப் பழக்கமாகிவிட்ட கட்டுப்பாடு. அது நியாயமானதும்கூட. ஆனால் சொல்லக்கூடாதது கொஞ்சம். அந்தப் பழக்கத்தில் சொல்லாமற் போனதோ மிகுதி. இட்லி மாவு பொங்கிய கதையில் என்ன படைரகசியம் இருக்கிறது?

ஆகவே சிற்றிதழ் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காத்திருத்தலைப் பற்றிய கவிதைகளை இவர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் முல்லைத்திணையைத் திருப்பித் தந்துவிடுவார்கள், நாம்தாம் அப்படிப் பயிற்றிவைத்திருக்கிறோம். பின்னல், பாத்தி, பெட்டி கட்டுதல், பக்கத்து வீட்டு மொழி, இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் கேளுங்கள். நடை திருத்தாமல் வெளியிடுங்கள். ஊர்ப்பெயர் வேண்டா, படைப்பிரிவின் பெயர் வேண்டா, எழுதியவர் விரும்பாவிட்டால் அவர் பெயரும் வேண்டா.